எதிரே வருகிறவன் கண்

என் வீட்டம்மாவின் இடது மணிக்கட்டில் ஒரு சின்ன மேடு இருக்கிறது. எலும்பு கூடிய இடம். மார்கழிக் குளிரில் வலிக்கிறது என்று ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. 30 வருஷம் பஸ் ஓட்டியவன் பின்னால் உட்கார்ந்து போய் விழுந்தவள் அவள். குறை சொல்லியிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும்.

2022 ஆவணி மாதம். காரிமங்கலம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முதல் நாள் ரிசப்ஷனில் சாப்பிட்டுவிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பாலக்கோடு ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி ஒன்பது இருக்கும். தூரத்தில் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் தெரிந்தது. ஏதோ ஊர்க் கோயில் பண்டிகைக்குச் சீரியல் செட் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அது நகர்ந்தது. அப்புறம்தான் வண்டி என்று புரிந்தது. புரிந்த அடுத்த நொடி, பம்பருக்கு மேலே வரிசையாக வைத்திருந்த வெள்ளை எல்இடி மொத்தமும் முகத்தில் அடித்தது. ரோடு காணோம். ஓரத்து வெள்ளைக் கோடு காணோம். என் ஹெட்லைட் எரிகிறதா என்பதுகூடத் தெரியவில்லை. இடது பக்கம் ஒதுங்கினேன். தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி பள்ளம். முன் சக்கரம் அதில் இறங்கியது.

வந்தது லாரியா, பஸ்ஸா, வேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓட்டியவனுக்கு நாங்கள் விழுந்ததே தெரிந்திருக்காது. அவன் மேல் கோபப்படக்கூட ஒரு முகம் இல்லை.

என் தங்கை மகனுக்குப் போன் போட்டேன். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான், சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறான். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டான். அவன் வேனையும் நான் முதலில் வெளிச்சமாகத்தான் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே வளைவாக நீல விளக்கு, கூரை ஓரம் முழுக்க ஓடி ஓடி அணைகிற பச்சை, முன் கண்ணாடிக்கு மேலே சாமி படம், அதைச் சுற்றி சிவப்பு. உள்ளே ஏறினால் தரையிலிருந்து ஊதா வெளிச்சம். அத்தையைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தான் பிள்ளை. அவள் கையைத் துண்டால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, "இந்த லைட்டை எல்லாம் அணைப்பா, கண்ணுக்கு ஆகலை" என்றாள். அவன் ஸ்விட்சுகளைத் தேடி ஒவ்வொன்றாக அணைத்தான். ஏழெட்டு ஸ்விட்ச். தருமபுரி ஆஸ்பத்திரி வரைக்கும் யாரும் பேசவில்லை.

விடியற்காலை மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் டீ குடிக்க வெளியே வந்தேன். டிரைவர் புத்தி, நிற்கிற வண்டியைச் சும்மா பார்க்கத் தெரியாது. டயரைக் காலால் தட்டினேன். பின் டயர் நான்கும் வழவழவென்று தேய்ந்திருந்தன. கொரோனா முடிந்து 2021-ல் அவன் இந்த வேனைப் பழைய வண்டியாக வாங்கியபோது, டயர் மாற்ற வேண்டும் என்று என்னிடம் 40,000 ரூபாய் வாங்கியிருந்தான். ரிட்டையர்மென்ட் பணத்தில் மிச்சம் இருந்தது அது. "டயர் எங்கடா மாப்ள?" என்றேன். தலையைச் சொறிந்தான். "லைட்டும் செட்டும் போட்டேன் மாமா. அடுத்த சீசன்ல டயர் மாத்திடலாம்."

ஆக, என் பணம்தான் அங்கே பச்சையும் நீலமுமாக எரிந்துகொண்டிருந்தது.

நான் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுடையது அண்ணா போக்குவரத்துக் கழகம். 1987-ல் தருமபுரிக்கு என்று அன்னை சத்யா போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 1997-ல் தலைவர்கள் பெயரெல்லாம் எடுத்த பிறகு வெறும் அரசுப் போக்குவரத்துக் கழகம். பெயர் இரண்டு தடவை மாறினாலும் ரோடு அதே ரோடுதான். தருமபுரி–சேலம், நடுவே தொப்பூர் கணவாய். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பழைய ரோடு நினைவிருக்கும். போகவும் வரவும் ஒரே ரோடு, எதிரே வருகிற லாரிக்கும் நமக்கும் நடுவே ஒரு சாண்.

அந்த ரோட்டில் விளக்குதான் பேச்சு. டிம் அடிக்கிற பட்டன் அப்போது கையில் கிடையாது. கிளட்சுக்கு இடது பக்கம் தரையில் இருக்கும், காலால் மிதிக்க வேண்டும். எதிரே வண்டி தெரிந்ததும் யார் முதலில் டிம் செய்கிறோம் என்பதில் ஒரு மரியாதை இருந்தது. அவன் செய்யாவிட்டால் நாம் ஒரு தடவை பிரைட் காட்டி இறக்குவோம், "தம்பி, கண் கூசுது" என்று அர்த்தம். குறுகலான இடத்தில் எதிர் லாரிக்காரன் வலது இண்டிகேட்டரைப் போடுவான். திரும்பப் போகிறான் என்று புதுசாக வந்தவர்கள் பயப்படுவார்கள். திரும்ப இல்லை, "என் வண்டி அகலம் இதுவரைக்கும், உரசிவிடாதே" என்று சொல்கிறான். ஹெட்லைட்டின் மேல் பாதியில் கறுப்பு பெயிண்ட் அடித்திருப்பார்கள். அதுகூட எதிரே வருகிறவனுக்காகத்தான். வெள்ளை தெரிந்தால் வண்டி நம்மை நோக்கி வருகிறது. சிவப்பு தெரிந்தால் நம்மை விட்டுப் போகிறது. அந்தச் சிவப்பு திடீரென்று பெரிதாக எரிந்தால் பிரேக் பிடித்துவிட்டான். இந்த மூன்றைத் தெரிந்துகொள்ள ஒருவன் படித்திருக்க வேண்டியதில்லை. மாட்டு வண்டிக்காரர்கூட வண்டிக்கு அடியில் ஒரு அரிக்கேன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு, தான் இருப்பதைச் சொல்லிவிடுவார்.

அந்த அரிக்கேன் விளக்கு விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பாவக் கணக்கு இருக்கிறது. ஒரு ஆயுத பூஜை ராத்திரி. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, மாவிலை, சந்தனம் எல்லாம் ஆயிற்று. நானும் கண்டக்டரும் சேர்ந்து முன் கண்ணாடிக்கு உள்பக்கம் சுற்றிலும் கலர் பல்பு சீரியல் செட் கட்டினோம். பிரயாணிகளுக்கு ஒரே சந்தோஷம். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டில் அந்த பல்புகள் எல்லாம் கண்ணாடியில் பிரதிபலித்து, எனக்கு வெளியே ரோடு தெரியவில்லை, நாங்கள் கட்டிய பல்புதான் தெரிந்தது. அதில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் மினுங்காமல் இருந்தது. அது பல்பு இல்லை, மாட்டு வண்டியின் அரிக்கேன் விளக்கு. கடைசி நேரத்தில் ஒடித்துத் தப்பினேன். பஸ்ஸை ஓரம் கட்டி, கை நடுங்க நடுங்க அந்த சீரியல் செட்டைப் பிய்த்து எறிந்தேன். கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. டிப்போவிலும் யாருக்கும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

எனவே தங்கை மகனைக் கண்டிக்க எனக்கு முழு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் கண்டித்தேன்.

அவன் பதில் தயாராக வைத்திருந்தான். "எல்லாரும் போட்டிருக்காங்க மாமா. கடையில வெச்சு விக்கிறாங்க. தப்புன்னா விக்க விடுவாங்களா?" அடுத்தது இன்னும் கஷ்டமான கேள்வி. "காலேஜ் பசங்க டூர் புக் பண்ண வந்தா முதல்ல லைட்டைப் போடுங்கண்ணாங்கிறாங்க. கல்யாண பார்ட்டியும் அப்படித்தான். லைட் இல்லாத வண்டி ஷெட்லதான் நிக்கும். டியூ நீங்க கட்டுறீங்களா?" அவன் வயிற்றுப் பாடு அது. இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

முதல் கேள்விக்காவது பதில் தேடலாம் என்று, வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவரிடம் புத்தகம் வாங்கி இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். 30 வருஷம் ஓட்டியவன் அதை முழுசாகப் படித்தது அப்போதுதான் என்பது வெட்கமான விஷயம்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் வந்தவை. அதில் 108-ஆவது விதி நாங்கள் ரோட்டில் கற்றுக்கொண்டதையே சொல்கிறது. எந்த வண்டியும் முன்பக்கம் சிவப்பு விளக்குக் காட்டக் கூடாது, பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு காட்டக் கூடாது. நம்பர் பிளேட் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, ஆம்புலன்ஸ் மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அமைச்சர்கள் கார் மேலே சுற்றிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கையே 2017 மே 1 முதல் எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் தக்காளி ஏற்றிப் போகிற மினி வண்டியின் தலையில் அது இன்னும் சுற்றுகிறது.

106-ஆவது விதிதான் என்னை நிறுத்தி வைத்தது. முன் விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற விதி அது. எத்தனை தூரம் வெளிச்சம் போக வேண்டும் என்று அது ஆரம்பிக்கவில்லை. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு மனிதனின் கண் இருப்பதாக நினைத்துக்கொள், அந்தக் கண் கூசக் கூடாது என்கிறது. எங்கோ டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர், எதிரே வருகிற ஒருவரை மனசில் நிற்க வைத்து அளந்திருக்கிறார். மொபெட்டில் வருகிறவனின் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கும்.

மாற்றி அமைப்பதற்கு 1988 சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது 182ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அனுமதியில்லாமல் மாற்றிய சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். மாப்பிள்ளையின் வண்டியில் விளக்குகளை நான் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பன்னிரண்டில் நிறுத்திக்கொண்டேன். அவன் சிரித்தான். "நம்ம ரோட்ல யாரு மாமா எண்ணப் போறா?"

அதுவும் நியாயம்தான். எஃப்சி-க்குப் போகும் முதல் நாள் எல்லா விளக்கையும் கழற்றி சாக்கில் கட்டி வைப்பார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து முடித்த மறுநாள் திரும்ப மாட்டுவார்கள். கழற்ற இவ்வளவு, மாட்ட இவ்வளவு என்று எலெக்ட்ரீஷியன்களிடம் ரேட்டே உண்டு. ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால் தீதான்.

அந்த அக்டோபரில்தான் கேரளாவில் அது நடந்தது. 2022 அக்டோபர் 5 ராத்திரி, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி பக்கம். ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த சுற்றுலா பஸ், முன்னால் போன கேரள அரசு பஸ்ஸின் பின்னால் மோதி 9 பேர் போய்விட்டார்கள். அதில் 5 பேர் மாணவர்கள். விபத்துக்குக் காரணம் வேகம்; விளக்கு என்று சொன்னால் பொய். ஆனால் பேச்சு வேகத்தோடு நிற்கவில்லை. சுற்றுலா பஸ்களின் ஆட்டம் பாட்டம், கலர் விளக்கு, லேசர், காது கிழிகிற செட் எல்லாவற்றின் மேலும் கேரள உயர் நீதிமன்றத்தின் கண் விழுந்தது. கலர் விளக்கு வைத்த வண்டி ரோட்டில் ஓடவே கூடாது என்றார்கள். சுற்றுலா பஸ்கள் எல்லாம் ஒரே வெள்ளை நிறத்துக்கு மாற வேண்டி வந்தது.

பேப்பரில் படித்ததை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அது கேரளா மாமா" என்றான்.

மார்கழியில் சபரிமலைக்கு வண்டி எடுத்தான். எங்கள் பக்கத்துச் சாமிமார் பதினான்கு பேர். இருமுடி கட்டி, வண்டியின் முன்னால் தேங்காய் உடைத்து, சாமி படத்தைச் சுற்றி விளக்கெல்லாம் எரிய, நாங்களும் வாசலில் நின்று கும்பிட்டுத்தான் அனுப்பினோம். குமுளி தாண்டியதும் நிறுத்திவிட்டார்களாம். எண்ணியிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டு, மாலை போட்டிருப்பதைக் காட்டிக் கெஞ்சி, கடைசியில் 10,000 ரூபாய் ரசீது. பணத்தைக் கட்டிவிட்டால் போய்விடலாம் என்று நினைத்தவனிடம், கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்களாம். ஸ்பேனர் ஒன்று, கட்டிங் பிளேயர் ஒன்று. விடியற்காலைப் பனியில் ரோட்டோரம் இரண்டரை மணி நேரம். சாமிமார் இறங்கி நின்று சரணம் சொல்லிக்கொண்டே செல்போன் டார்ச் அடித்திருக்கிறார்கள். சாமி படத்தைச் சுற்றியிருந்த சிவப்பு விளக்கையும் கழற்றச் சொன்னபோது அவன் அழுதுவிட்டானாம். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை, அவர்களில் ஒரு சாமி சொன்னார். அடுத்த வருஷம், சபரிமலைக்கு வரும் வண்டிகளை அலங்கரித்துக்கொண்டு வரக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

அவனுக்கு நேர்ந்தது எனக்கு வருத்தம்தான். சாமி விளக்கு யார் கண்ணைக் குத்தியது என்று தங்கை சண்டைக்கு வந்தாள். தங்கை கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தச் சின்ன விளக்கு யார் கண்ணையும் கூசச் செய்யாது. ஆனால் அது முன்பக்கம் சிவப்பு. இருட்டில் தூரத்தில் பார்க்கிறவனுக்குச் சாமி தெரியாது, சிவப்புதான் தெரியும். முன்னால் ஏதோ வண்டி நம்மை விட்டுப் போகிறது என்று நினைப்பான். உண்மையில் அது அவனை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

பின்பக்கம் இன்னும் மோசம். தொப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையம்புதூர் சுங்கச்சாவடி தாண்டினால் சேலம் பக்கம் முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 டிசம்பர் 12 அன்று நெரிசலில் நின்றிருந்த கார்களின் மேல் ஒரு லாரி வந்து ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஜனவரி 24-ல் மறுபடியும். தீப்பிடித்து 4 பேர். அந்த இறக்கத்தில் ராத்திரி முன்னால் போகிறவனின் பிரேக் விளக்கு ஒன்றுதான் நமக்குக் கிடைக்கிற தந்தி. அந்த முதுகு முழுக்க சிவப்பும் பச்சையும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், எந்தச் சிவப்பு பிரேக், எந்தச் சிவப்பு அழகு? தெரிந்துகொள்ள ஒரு நொடி அதிகம் ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது 16 மீட்டருக்கும் மேல். கிட்டத்தட்ட ஒன்றரை பஸ் நீளம்.

இதையெல்லாம் சொல்லித் திருத்தினேன் என்று எழுதினால் அது பொய். 10,000 ரூபாய் சொன்னதில் பாதிகூட நான் சொன்னதில் இல்லை. ஊருக்கு வந்த பிறகும் ஒரு மாதம் வெறும் வண்டியாக ஓட்டினான். அப்புறம் ஒரு நாள் உள்ளே தரையில் ஊதா விளக்கு மறுபடி எரிந்தது. "பயணிங்க ஏறி இறங்குறதுக்கு மாமா" என்றான். ஆயுத பூஜை ராத்திரியைப் பற்றி அவனிடம் அன்றுதான் சொன்னேன், கண்ணாடியில் பிரதிபலித்ததை, அந்த மஞ்சள் புள்ளியை. அவன் ஒன்றும் பேசாமல் கேட்டான். அடுத்த தடவை பார்த்தபோது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரை தொங்கியது. ஊதா விளக்கு திரைக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. அவனால் முடிந்த சமாதானம் அவ்வளவு.

புக்கிங் குறைந்தது உண்மை. காலேஜ் பிள்ளைகள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். இப்போது பெரும்பாலும் ஆஸ்பத்திரி, கோயில், துக்க வீடு என்று எங்கள் வயதுக்காரர்கள்தான் அவனைக் கூப்பிடுகிறோம். டயர் நான்கும் மாற்றிவிட்டான். அதற்கும் என்னிடம்தான் பாதிப் பணம் வாங்கினான். இந்தத் தடவை கடைக்கு நானும் கூடப் போனேன்.

எனக்கு அடுத்த வருஷமே இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆயிற்று. புரை விழுந்த கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும், வயதானால் கண் கூசிய பிறகு பார்வை திரும்ப நேரமாகும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குப் பாலக்கோடு ரோட்டில் வெளிச்சம் பாதி, என் கண் பாதி. ஆபரேஷனுக்குப் பிறகு பகலில் தெளிவாகத் தெரிகிறது. இருட்டின பிறகு மட்டும் நான் வண்டி எடுப்பதில்லை. வீட்டம்மா விடவும் மாட்டாள்.

குமுளியில் கழற்றிய விளக்குகள் ஒரு அட்டைப் பெட்டியில் எங்கள் வீட்டுப் பரண் மேல் இருக்கின்றன. தன் வீட்டில் வைத்தால் மாட்டத் தோன்றும் என்று அவனே கொண்டு வந்து வைத்தான். போன தீபாவளிக்குப் பேரன் அதிலிருந்து ஒரு பச்சைச் சரத்தை எடுத்து, பழைய பேட்டரியில் கொடுத்து, துளசி மாடத்தைச் சுற்றிக் கட்டினான். நன்றாகத்தான் இருந்தது. பலகாரம் கொடுக்க வந்த மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "மெட்டல் கிளிப்பு இது மாமா, நல்ல சரக்கு, ஒண்ணுகூட அணையலை பாருங்க" என்றான்.